வழுக்குவதற்கென்றே செய்த மெழுகு

தம்பி,

உன் போனுக்கு அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். குரல் பதிவு அனுப்பினால் இரண்டு நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் இந்தக் காகிதம். உன் அப்பா நாளைக்கு லோரியைப் புஞ்சாக் ஆலாம் பக்கம் ஓட்டி வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். நீ மட்டும் கடைசிவரை படி. ‘அம்மா ஆரம்பிச்சிட்டாங்க லா’ என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே, அந்தப் பழக்கம் உனக்கு உண்டு.

போன வெள்ளிக்கிழமை கோயில் செயலாளர் என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக ஒரு சேதி சொன்னார். உன் கல்யாணத்துக்கு மண்டபத் தரையை மறுபடியும் நீயே பளபளப்பாக்கித் தரப்போகிறாயாம். அதே மெழுகு எமல்ஷன் இன்னும் இரண்டு டிரம் உபயமாக வருகிறதாம். நிச்சயதார்த்தத்தன்று உனக்கு மாமியாராகப் போகிறவர் அந்தத் தரையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கையில் போட்ட கட்டை இன்னும் பிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதே தரையில் அதே மருந்தை ஊற்ற உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்கத்தான் போன் அடித்தேன். கேட்க முடியாததால் எழுதுகிறேன். எழுதும்போது கோபம் இன்னும் கூடுகிறது, அது உன் தலையெழுத்து.

முதலில் உன் பழைய பல்லவிக்கு வருகிறேன். ‘மெழுகு மெழுகுதானேம்மா, எல்லா டிரம்மிலும் ஒரே பேருதான போட்டிருக்கு’ என்பாய். விற்பனைக்குப் போகிற பிள்ளை பேசுகிற பேச்சா இது? நான் இதே மெழுகு எமல்ஷன் செய்கிற தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே காவல் கொட்டகையில் உட்கார்ந்துதான் நீ வீட்டுப்பாடம் எழுதினாய். இன்று ஒரு கழுத்துப்பட்டையும் ஒரு டேப்லட்டும் வந்ததும் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம் ஆகிவிட்டது. சரி, பழசாகவே இருக்கட்டும். ஒரு தடவையாவது முழுசாகக் கேள்.

பாலித்தீன் மெழுகு தண்ணீரோடு ஒட்டாத பொருள். அப்படியே போட்டால் மிதக்கும், அவ்வளவுதான். சூட்டில் காற்றைச் செலுத்தி அதைக் கொஞ்சம் பதப்படுத்தினால்தான் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு பிடி கிடைக்கும். பிறகு கெட்டில் என்று நாங்கள் சொல்லும் பெரிய மூடிய கொப்பரையில் அழுத்தம் கொடுத்து, தண்ணீர் கொதிக்கிற சூட்டையும் தாண்டிக் கொண்டுபோய், இரண்டையும் சேர்த்து வைக்கிற எமல்சிஃபையரோடு கலக்கி, வேகமாக ஆறவைக்க வேண்டும். நன்றாக வந்த சரக்கைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் லேசான நீலம் தெரியும். துகள் பெரிதாகிப் போனால் தேங்காய்ப் பால் மாதிரி வெள்ளையாக நிற்கும், நாலு நாளில் மேலே ஆடை கட்டும். இதைப் பார்த்துச் சொல்ல எனக்கு எந்த இயந்திரமும் வேண்டியதில்லை.

அந்த மெழுகிலேயே கடினமானது ஒன்று, மிருதுவானது ஒன்று. அடர்த்தி அதிகமானது உருகவே அதிகச் சூடு கேட்கும், காய்ந்தால் நகம் பட்டாலும் கோடு விழாது. ஆட்கள் நடமாடும் தரைக்கு அதுதான் வேண்டும். அடர்த்தி குறைந்தது மிருது. துணியால் தேய்த்தால் உடனே மினுக்கும், அதே வேகத்தில் கீறலும் விழும். இதற்குமேல் எமல்சிஃபையர் கணக்கு வேறு இருக்கிறது. மின்னூட்டத்தை வைத்து நெகட்டிவ், பாசிட்டிவ், ரெண்டும் இல்லாதது என்று நாங்கள் சோதனைக்கூடத்தில் மூன்றாகப் பிரித்துத்தான் டிரம்மை அடுக்குவோம். பாசிட்டிவ் துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மென்மையாக்கும். அதையும் நெகட்டிவையும் தெரியாமல் ஒரே வாளியில் ஊற்றினால் இரண்டும் திரிந்து கட்டியாகிவிடும். தரைக்குப் போவது பெரும்பாலும் நெகட்டிவ். அதிலும் அமோனியா மாதிரி ஆவியாகிற பொருள் போட்டுச் செய்வது ஒன்று உண்டு. காயும்போது அந்த வாடை போய்விடும், அதற்குப் பிறகு தண்ணீர் பட்டாலும் மேல்பூச்சு அசையாது. ரெண்டும் இல்லாதது சாயப்பட்டறைக்குப் போகும். அமிலமோ உப்போ எதைச் சேர்த்தாலும் உடையாது. ஆனால் அதிலுள்ள எமல்சிஃபையர் காய்ந்த பிறகும் உள்ளேயே கிடக்கும். ஈரம் பட்டதும் மறுபடி இளகும்.

நீ கொண்டுவந்த இரண்டு டிரம் எது தெரியுமா? மிருதுவான மெழுகு, ரெண்டும் இல்லாத வகை. துணி தைக்கும்போது ஊசி சூடேறாமல், நூல் அறாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காகப் போடுவது. வழுக்குவதற்கென்றே செய்த மருந்தைக் கொண்டுவந்து, வாசல் குழாயில் கால் கழுவிவிட்டு ஈரக் காலோடு ஜனம் நுழைகிற மண்டபத்தில் பூசினாய். சப்பாத்து போட்டு நடக்கிற ஆபீஸ் தரையாக இருந்தால்கூட ஒருவேளை தப்பித்திருப்பாய். நம் மண்டபத்தில் எவன் சப்பாத்தோடு நடக்கிறான்? பிறந்ததிலிருந்து நீயும் அந்தக் குழாயில்தானே கால் கழுவுகிறாய்?

நான் தப்பே செய்யாதவள் என்று நினைத்துவிடாதே. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் தண்ணீர் வெட்டு வந்தது. சுத்திகரித்த தண்ணீர்த் தொட்டி காலி. அவசரமாகப் போக வேண்டிய சரக்கு கெட்டிலில் நின்றது. பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலிருந்து வண்டியில் வந்த தண்ணீரைத் தெளிவாக இருக்கிறதே என்று நம்பி அளவுக்குச் சேர்த்துவிட்டேன். அது உப்பும் சுண்ணாம்புமாக இருந்த தண்ணீர், கெட்டிலில் இருந்தது நெகட்டிவ். கண் முன்னாலேயே முழுக் கெட்டிலும் தயிராகத் திரிந்தது. எஸ்டேட்டில் உன் தாத்தா ரப்பர் பாலில் அமிலம் ஊற்றிக் கட்டியாக்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான், பால் எப்படி உடையும் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தும் அவசரத்தில் விட்டேன். எங்கள் சூப்பர்வைசர், வயதான சீனர், கட்டிகளை அள்ளிப் பார்த்துவிட்டு, யார் தண்ணீர் சேர்த்தது என்று மலாயில் கேட்டார். நான்தான் என்று கையைத் தூக்கினேன். இரண்டு நாள் கெட்டிலுக்குள் இறங்கிச் சுரண்டினேன். அந்தக் கதையை உனக்கு எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கட்டி கட்டியாக எல்லார் கண்ணுக்கும் தெரிகிற தப்பை ஒத்துக்கொள்ள என்ன தைரியம் வேண்டும்? உன் மண்டபத் தரையில் எதுவும் தெரியவில்லை. அது பளபளவென்று இருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் நீயும் உன் கூட்டாளிகளும் துடைப்பான் போட்டு எமல்ஷனைப் பூசினீர்கள். நான் பூச்சரம் கட்ட வந்திருந்தேன். மண்டபத்தைச் சுத்தம் செய்கிற வசந்தி உங்கள் பின்னாலேயே வந்து, ‘ஐயா, இது காய எவ்ளோ நேரம் ஆவும், நான் எப்ப தொடைக்கலாம்?’ என்று கேட்டாள். நாளைக்குக் காலையில் வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும் என்று அவளுக்குச் சொன்னவன் நீ. ஞாபகம் இருக்கிறதா? அவள் கேட்டாள், நீ சொன்னாய், நான் பக்கத்தில் இருந்தேன்.

இனி எழுதப்போவதை உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எல்லாரும் சாப்பிடப் போனதும் நான் டிரம் பக்கம் போனேன். லேபிளைப் படித்தேன். விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்தேன். படிக்கட்டுப் பக்கம் கறுப்பு ஓடு பதித்த இடத்தில் பூச்சு காய்ந்திருந்தது, அங்கே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தேன். சோதனைக்கூடத்தில் தினமும் செய்த வேலை அது. துடைத்தபோது அந்த இடம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஈரக் காலை வைத்துப் பார்த்தேன், கால் நழுவியது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

நீ திரும்பி வந்ததும் தரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். நான் வாயைத் திறந்தேன். ‘தம்பி, இந்த மெழுகு…’ என்று தொடங்கியதுமே நீ என் பக்கம் திரும்பாமல் சொன்னாய்: ‘அம்மா, ப்ளீஸ்லா. ஒங்க லேப் கதைய இன்னைக்கும் ஆரம்பிக்காதீங்க. பசங்க இருக்கானுங்க.’ உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, படட்டும், நாளைக்கு நாலு பேர் முன்னால் இவன் தரை வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும்போது தெரியட்டும் என்று நினைத்தேன். நீ அவமானப்படுவாய் என்றுதான் கணக்குப் போட்டேன். யாராவது விழுவார்கள் என்று யோசிக்கவே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். என் காலே நழுவியிருந்தது. யோசித்தேன், யோசித்ததை அமுக்கிவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் ஒரு வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்காக வாயை மூடிக்கொண்டு பூக் கட்டினேன்.

மறுநாள் என்ன நடந்தது என்று நீயும் பார்த்தாய். ஒலிபெருக்கியில் ‘மண்டபத் தரை மெருகு உபயம்’ என்று உன் பெயரை இரண்டு தடவை வாசித்தார்கள். வசந்தி காலையிலேயே நீ சொன்னபடி தண்ணீரில் துடைத்திருந்தாள். சுங்கை செம்பிலாங்கிலிருந்து பெண்வீட்டு வேன் வந்தது. சம்பந்தியம்மா எல்லாருக்கும் முன்னால் குழாயடியில் கால் கழுவிவிட்டு, தேங்காயும் பழமும் வைத்த தட்டை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே காலை வைத்தார். மூன்றாவது அடியில் வழுக்கினார். தட்டை விட்டிருந்தால் கையை ஊன்றித் தப்பித்திருப்பார். நல்ல காரியத்தில் தட்டு விழக்கூடாது என்று அதைப் பிடித்துக்கொண்டே விழுந்தார், மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது. உன் தர்ஷினி ‘அம்மா’ என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாளே, அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. விழுந்த மனுஷி வலியில் முகம் வெளுத்துப்போய்க் கிடந்தும், ‘ஒன்னுமில்ல, நீங்க சடங்க நிறுத்தாதீங்க’ என்றுதான் சொன்னார்.

பிறகு ஆளாளுக்குக் கூடிப் பேசினார்கள். உபயம் செய்தவனை யார் குறை சொல்வது? கோயிலில் அது வழக்கமே கிடையாது. மைக்கில் பெயர் வாசித்தவர்களே அதைத் திருப்பி எடுப்பார்களா? ஒருவர் வசந்தியைப் பார்த்தார். சோப்புத் தண்ணீரைச் சரியாக அலசாமல் விட்டிருப்பாள் என்றார். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. அவள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, சோப்பே போடலீங்க என்று இரண்டு தடவை சொன்னாள். நீ பந்தல்கால் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சம்பந்தியம்மாவின் சேலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அடுத்த வாரம் வசந்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

போன சனிக்கிழமை நானும் உன் அப்பாவும் மண்டபத்துக்குப் போய், அந்தப் பூச்சு முழுவதையும் சலவைக்காரம் போட்ட வெந்நீரில் தேய்த்து எடுத்தோம். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்தார். எதற்கு என்று கேட்டபோதுதான் அவரிடம், மெழுகு தப்பு என்று மட்டும் சொன்னேன். முழுசும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் ஒட்டாத உறையில் அவர் கையில்தான் வருகிறது, வழியில் நிறுத்திப் படிக்கட்டும். தரையைத் தேய்த்து முடித்த கையோடு செயலாளரிடம் போய், வசந்தி மேல் தப்பில்லை, மெழுகு தப்பு, எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொன்னேன். அந்த மனுஷன் என்னைச் சமாதானப்படுத்துகிறார். ‘விடுங்கம்மா, கல்யாண நேரத்துல எதுக்கு இதெல்லாம். உபயக்காரரே ஒன்னும் சொல்லலையே, நீங்க ஏன் பேசறீங்க?’ ஆக, நீ வந்து உன் வாயால் சொன்னால்தான் அவளுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கும். நான் சொன்னது மகனைப் பற்றி அம்மா புலம்பியதாகப் போய்விட்டது.

வசந்தி இப்போது புக்கிட் செந்தோசாவில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள், ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவுகிறாள். நான் பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன், திட்டியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். நான் தரையைச் சோதித்துப் பார்த்ததைச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

‘நான்தான் சரியா தொடைக்கலன்னு நெனச்சேன்க்கா’ என்றாள். ‘மொத நா வேற எதுக்கோ சோப்பு போட்ட வாளி அது. அதுல மிச்சம் இருந்திருக்குமோன்னு. அந்தம்மா கைய நெனச்சா சோறு எறங்கல.’

அவள் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு சுங்கை செம்பிலாங் வரைக்கும் தனியாகப் போய், சம்பந்தியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவரும் நல்ல மாதிரியாகப் பேசி, டீ கொடுத்து, இனிமேலாவது நல்லா அலசித் தொடம்மா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். செய்யாத தப்புக்கு அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டாள் தம்பி. செய்த நாம் இரண்டு பேரும் பந்தல்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம். உன்னை இப்படி வளர்த்ததற்கு மட்டும் இல்லை, உன் மாதிரியே நானும் நின்றதற்கு.

கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள். ‘தம்பிக்கு இது தெரியுமாக்கா?’ என்றாள். நான் என்ன சொல்ல? உனக்கு அன்றைக்கு அந்த வகை என்னவென்று தெரியாது, அது நிஜம். ஆனால் சம்பந்தியம்மா விழுந்த அடுத்த நாள் நீ எனக்கு அனுப்பிய சேதி இன்னும் என் போனில் இருக்கிறது. ‘அந்த டிரம் துணிக்குப் போடறதாம். யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா, கல்யாணம் முடியட்டும்.’ அதற்கு நான் ‘சரி’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டிருந்தேன். அவளிடம் நான், அவனே வந்து சொல்வான் என்று சொல்லிவிட்டேன்.

தெரிந்திருந்தும் இன்னும் இரண்டு டிரம் ஏன் ஒப்புக்கொண்டாய் என்றும் எனக்குப் புரிகிறது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு பொய்யை மூட அதே தரையில் நூறு பேரை நடக்கவைக்கத் துணிந்திருக்கிறாய். செயலாளருக்குப் போன் போட்டு டிரம் வராது என்று இன்றே சொல். காரணத்தையும் சேர்த்துச் சொல். தர்ஷினியிடம் நீயே சொல், அவள் வேறு யார் வாயிலாவது கேட்டால் அந்தப் பெண் உன்னை எந்தக் காலத்திலும் நம்பாது. சம்பந்தியம்மாவிடம் நானும் உன்னோடு வருகிறேன், எனக்கும் அங்கே சொல்ல வேண்டியது இருக்கிறது. கல்யாணம் நின்றுவிடும் என்று பயமா? எனக்கும் பயம்தான். இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. நின்றாலும் நிற்கட்டும் என்று வீராப்பாக எழுத என்னால் முடியவில்லை, நிற்கக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பத்திரிகை எல்லா வீட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது. நானும் உன் அப்பாவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிவிட்டோம். ஒன்றே ஒன்றுதான் கொடுக்கவில்லை, அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உறைமேல் வசந்தியின் பெயர் எழுதி, மூலையில் மஞ்சள் தடவியிருக்கிறேன். நான் கொண்டுபோனால் அவள் பேசாமல் சிரித்து வாங்கிக்கொள்வாள், அதனால்தான் கொண்டுபோகவில்லை. நீ போ. வாசலிலேயே நின்று முதலில் நடந்ததைச் சொல், அப்புறம் பத்திரிகையை நீட்டு. அவள் வாங்குவாளா என்று எனக்குத் தெரியாது. வாங்கவில்லை என்றால் அதை மறைக்காமல் எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வா.

அம்மா